திரையின் இடது ஓரத்து அலைகள்

எர்மோகெனெஸ் ஏறிப்போன படகு
புந்தா அரேனாஸைத் தொட முப்பது மணி நேரம்.
அதுவரை கைபேசிக்குச் சிக்கமாட்டான்.
போகும்போது ஒரு துண்டுத்தாள் கொடுத்தான்:
கோப்பைத் திற,
1.47 என்பதை 1.15 ஆக்கு, மூடு.
எப்படி என்று எழுத இடமில்லை.
பின்பக்கம் முழுக்க ராஜநண்டின் விலைக் கணக்கு.

விஷயம் இதுதான்.
துறைமுகத் தூணில் கட்டிய ஓதமானி
புது உணரி மாட்டிய நாள்முதல்
கடலை முப்பத்திரண்டு சென்டிமீட்டர்
கூட்டிச் சொல்கிறது.
"நொல்ஃபா, உன் கணக்குப்படி
என் வீட்டு அடுப்புக்குள் நண்டு பிடிக்கலாம்"
என்கிறார் ஓயார்சுன்.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
படகு வந்தால் பெயர், போனால் ஒரு கோடு.

ஜூன் மாதம், மாலை ஆறு.
இருட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.
திறந்தேன். கறுப்பு.
மேலே பதினொரு வரி. அதற்குக் கீழே

~
~
~

வரிக்கு ஒன்றாக, இடது கரையை ஒட்டி மட்டும்.
இங்கே ஒன்றுமில்லை என்பதற்கு
அலையை அடையாளமாக வைத்தவன்
கடலோரம் குடியிருந்திருக்கமாட்டான்.

டி என்று தட்டினேன், வரவில்லை.
மறுபடி தட்டினேன்,
ஒரு வரியையே காணோம்.
எழுத்தென்று நினைத்தது ஏவலாக இருந்தது,
போ, வா, தா என்பதுபோல.
பதறிக் கண்டதையும் அழுத்தியதில்
ஏதோ ஒரு கதவு திறந்துகொண்டது.
இப்போது ஏவல்கள் செல்லவில்லை,
எழுதியதெல்லாம் விழுந்தது.
அது தெரியாமல்
கையாலேயே ஏசினேன்:

எர்மோகெனெஸ் உன் படகு மூழ்கட்டும்

கடலின் உயரம் எழுதும் கோப்பில்
ஏழாம் வரியில்
நின்று மினுங்கியது அது.
வெளியே காற்று திரும்பியிருந்தது.
துறைமுகத்தில் யாரும்
குடித்துவிட்டும் சொல்லாத சொல்.

வானொலியை எடுத்தேன். பதினாறாம் அலைவரிசை.
கடற்படை நிலையத்தில் இரவுப் பணி பாவ்ஸ்தீனோ,
பத்தொன்பது வயது, கணினி தெரிந்தவன்.
"பன்னிரண்டுக்கு மாறுங்கள்" என்றான்.
மாறினேன்.
கால்வாய் முழுதும் கூடவே மாறியிருக்கும்.

"திரையில் என்ன தெரிகிறது? ஓவர்."
"சில சொற்கள். ஓவர்."
"என்ன சொற்கள்? ஓவர்."
இரைச்சல்.
எந்தப் படகும் இருமக்கூட இல்லை.
"சொந்த விஷயம். ஓவர்."

"சரி. மேலே இடது மூலை, எஸ்கேப்.
எங்கே இருக்கிறோம் என்று தெரியாதபோதெல்லாம்
முதலில் அதுதான். பிறகு யூனிஃபார்ம்."

யூனிஃபார்ம்!
இதை முன்பே சொல்லியிருக்கலாமே,
இருபது வருடமாக நான் பேசும் மொழி.
தட்டினேன். சாபம் முழுசாகப் போனது.
இன்னொரு யூனிஃபார்ம்:
தொலைந்த வரி
தன் இடத்திலேயே, தன் புள்ளிகளோடு.

ஜூலியட் கீழே, கிலோ மேலே.
எண்ணின் மேல் போய் நின்று
எக்ஸ்ரே, எக்ஸ்ரே:
நாலும் ஏழும் உதிர்ந்தன.
ஆல்ஃபா. ஒன்று, ஐந்து. எஸ்கேப்.
"முக்காற்புள்ளி, விஸ்கி, கியூபெக்" என்றான்.
கறுப்பு என்னை வெளியே விட்டது.

கடல் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியது.
ஒரு துளி அசையவில்லை.

"விஸ்கி எங்கே கிடைக்கும்? ஓவர்"
என்றது இருட்டிலிருந்து ஓயார்சுன் குரல்.

அன்றிரவு தேவையில்லாமல்
மூன்று தரம் காற்றின் வேகம் பார்த்தேன்.
கோப்பில் இல்லை, சரி.
விரல் எழுதியதை விரல் மறந்ததா என்று
எந்த எழுத்தைத் தட்டிக் கேட்பது?

மறுநாள் நள்ளிரவு கடந்து செய்தி வந்தது:
சேர்ந்தேன். எண் மாறிற்றா?
மாறிற்று என்று எழுதினேன்.
அனுப்பும் முன்
கட்டைவிரல் தானாகப் போய்த் தொட்டது
கண்ணாடியின் இடது மேல் மூலையை.
அங்கே மணி மட்டும் இருந்தது.